மயானப் பாதைக்கு எழுதிய மனு

2022 ஐப்பசியில், மூன்று நாள் விடாத மழையில், என் அப்பத்தா இறந்துபோனாள். எங்கள் தெருவிலிருந்து மயானம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பெரியவர்கள் காலத்தில் மாட்டுவண்டி போன பாதை அது. எனக்கு விவரம் தெரிந்தபோதே பாதி வயலுக்குள் போயிருந்தது. அந்த வருடம் மிச்சத்தையும் உழுது நாற்று நட்டிருந்தார்கள். பாடையைத் தூக்கிய என் தம்பியும் சித்தப்பா மக்களும் வரப்பில் நடக்க முடியாமல் வயலுக்குள் இறங்கினார்கள். ஒருவன் சேற்றில் சரிந்தான். பாடை ஒருபக்கம் சாய்ந்து அப்பத்தாவின் கை வெளியே தொங்கிவிட்டதாகத் தம்பி சொன்னான். எங்கள் பக்கம் பெண்கள் மயானம் வரை போவதில்லை. திரும்பி வந்தவர்களின் தொடைவரை ஏறியிருந்த சேற்றைத்தான் நான் பார்த்தேன்.

மறுநாள் நிலத்துக்காரர் ஆள் அனுப்பினார். நட்ட பயிரை மிதித்துவிட்டோம் என்று கோபம். காரியம்கூட முடியவில்லை. மழித்த தலையோடு அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வருடத்தில் பாதி நாள் அவருக்கு அந்த வயலில்தான் வேலை. வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பெற்ற தாயைப் புதைக்கப் போனதற்கு மன்னிப்புக் கேட்ட மனிதரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாதிச் சான்று என்று ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் மனு அடித்திருப்பேனோ. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு: ‘ஐயா, மிகவும் ஏழ்மை நிலையில் உள்ள என் மீது கருணை கூர்ந்து...’ அந்த அச்சிலேயே எங்களுக்கும் ஒன்று அடித்து, தெருவில் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கியவர் மேசையில் வைத்தார். நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கேட்கப் போனபோது, “எந்த மனும்மா? நம்பர் இருக்கா?” என்றார்கள். நம்பர் இல்லை. சீல் போட்ட நகலும் இல்லை. அப்படி ஒரு மனுவை நான் கொடுத்ததற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுப்பவள், வாங்கியதற்கு ஒப்புகை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் முடிவு என்று 2015-இல் போட்ட அரசாணையே இருக்கிறது. அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்தத் தை மாதத்தில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பிலிருந்து சில பக்கங்கள் நகல் எடுக்க வந்தாள். அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் பகுதி. மெஷினிலிருந்து தாள் ஒவ்வொன்றாக வரும்போது கண் தானாக ஓடியது. 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் நின்றுவிட்டது. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளுக்குள்ளோ உணவகங்களுக்குள்ளோ யாரையும் தடுக்கக் கூடாது. கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றைப் பயன்படுத்தவும் தடுக்கக் கூடாது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் குளமும் படித்துறையும் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் என்று எட்டாத உயரத்து விஷயங்கள்தான் இருக்கும் என்று பள்ளிப் பாடம் படித்த ஞாபகம். எனக்கு ஒரு நகல் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.

குளம் ஏன் அதில் வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில், சவுதார் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு நடந்தார். அடி வாங்கினார்கள். அதற்கும் முன்பே, 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில், பொதுத் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். ஆக, 1949 நவம்பர் 26-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற அந்தப் புத்தகத்தில் இருக்கிற ‘சாலை’ என்ற சொல் எங்கள் பாட்டன் பூட்டன் கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடி கேட்ட சொல். இதைப் படித்த பிறகு என் கை ‘கருணை கூர்ந்து’ என்று அடிக்க மறுத்தது. பாதை எங்களுடையது என்றால் அதில் கருணைக்கு என்ன வேலை?

இனி நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதே சிக்கல் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது.

முதலில் தேவைப்பட்டது ஆவணம். ‘காலங்காலமாக நடந்தோம்’ என்பது உண்மைதான், ஆனால் கோப்புக்குள் ஏறாது. கிராம வரைபடத்திலும் சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புலப்படத்திலும் பாதை இருக்கிறதா, ஊர் நிலங்களின் விவரம் எழுதிய ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. விஏஓ சாரிடம் போனால் இன்று வா, நாளை வா என்றார். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், வெள்ளைத்தாள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். (இப்போது பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதிலும் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டு வாங்கலாம்.) எதற்காகக் கேட்கிறோம் என்று எழுத வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

அங்கேயும் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ‘ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?’ என்று எழுதியிருந்தேன். கடைக்கு வரும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஏன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்கத்தா. இருக்குற காகிதத்தக் கேளு” என்றார். ‘ஏன்’ என்பதற்கு விளக்கம் எழுதித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. அலுவலகத்தில் இருக்கும் பதிவைத் தரும் கடமை இருக்கிறது. அதனால் திருத்தி எழுதினேன்: இந்த சர்வே எண்ணின் ‘அ’ பதிவேட்டு நகல், புலப்பட நகல், இந்தப் பாதை குறித்து இதுவரை வந்த மனுக்களின் நகல், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு, அந்தக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. அவ்வளவுதான். முப்பது நாளில் பதில் வரவில்லை. முப்பத்து நாலாவது நாள் முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. பத்தே நாளில் கடிதம் வந்தது. ‘அ’ பதிவேட்டில் எழுதியிருந்த இரண்டு சொற்களைக் கடையில் நின்றபடியே நாலைந்து முறை வாசித்தேன்: ‘வண்டிப்பாதை, புறம்போக்கு.’ அகலம் நான்கு மீட்டர்.

இன்னொன்றும் அந்தக் கடிதத்தில் தெரிந்தது. எங்களுக்கு முன்பே 2009-இல் எங்கள் தெருக்காரர் ஒருவர் இதே பாதைக்கு மனு கொடுத்திருக்கிறார். அது கோப்பிலேயே கிடந்திருக்கிறது. அவர் இறந்து, அந்த வயல் சேற்றின் வழியேதான் அவரையும் தூக்கிப்போனோம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “எதுக்குத்தா வம்பு. நாளைக்கு வேலைக்குக் கூப்பிடலைன்னா?” என்பார். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. 1997-இல் மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சிக்கு முறைப்படி தேர்தலில் நின்று ஜெயித்த தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். அப்பா தலைமுறைக்கு அது செய்தி இல்லை, பக்கத்தில் நடந்த சாவு. சட்டம் கொடுத்ததைக் கையில் வாங்கியதற்கே கொன்றார்கள் என்பதைப் பார்த்தவரிடம் 15-ஆவது பிரிவை வாசித்துக் காட்டி என்ன பயன்? நான் தனியாகப் போக மாட்டேன், தெருவோடு போவேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குதான் எங்களைக் கிராம சபைக்குக் கொண்டுபோனது.

கிராம சபை என்பது தலைவர் கூட்டும் கூட்டம் என்றே நினைத்திருந்தேன். 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது அரசியலமைப்பில் இடம்பெற்ற ஒரு மன்றம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அழைக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை நடக்க வேண்டும். 2023 மே 1-ஆம் தேதி எங்கள் தெருப் பெண்கள் இருபத்திரண்டு பேர் போனோம். வழக்கமாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கு, எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று உட்கார்ந்துவிட்டோம். செயலர் முகம் சுளித்தார். தலைவர் நல்ல மனிதர், “எழுதுப்பா” என்றார். ‘மயானத்துக்குச் செல்லும் வண்டிப்பாதைப் புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது’ என்று சர்வே எண்ணோடு ஏறியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருவிரலில் மை தொட்டுக்கொண்டு, “வாசிச்சுட்டீங்கள்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் ரேகை வைத்தாள்.

அந்தத் தீர்மானத்தை வைத்தே பாதை வந்துவிடும் என்று நம்பியது என் அறியாமை. வருவாய்த் துறைப் பதிவில் இருக்கும் நிலத்தை அளந்து, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது வட்டாட்சியர் வேலை. சட்டம் இயற்றுவது ஒரு கை, நிறைவேற்றுவது ஒரு கை, நிறைவேற்றாவிட்டால் கேட்பது ஒரு கை என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பது அதிலிருந்துதான் வருகிறது. ஊராட்சித் தலைவரிடம் போய் ஆக்கிரமிப்பை எடுங்கள் என்று சண்டை போட்டால் இரண்டு வருடம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது மனுவை ‘அ’ பதிவேட்டு நகல், புலப்படம், தீர்மான நகல் மூன்றையும் சேர்த்து ஒப்புகையோடு அனுப்பினேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசிலும் பதிவு செய்து எண் வாங்கினேன். அந்த மனுவில் ஏழ்மையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது இன்ன பதிவேட்டின்படி அரசுப் பாதை, இன்ன சட்டத்தின்படி அகற்றும் பொறுப்பு உங்களுடையது, நடவடிக்கை எடுத்து எழுத்தில் தெரிவியுங்கள் என்பதோடு சரி. நாலு மாதம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை.

உயர் நீதிமன்றம் என்றாலே பணம் என்று நினைத்திருந்தோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அது. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு ஒரு குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எங்கள் விண்ணப்பம் மதுரைக் கிளைக்குப் போய், ஒரு வக்கீலம்மாவை அமர்த்திக் கொடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது எங்கள் துயரத்தை இல்லை. “மனு குடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மெண்ட் இருக்கா?” என்றுதான் கேட்டார். ஓர் அதிகாரியை அவர் கடமையைச் செய்யச் சொல்லி அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆணை கேட்க வேண்டுமானால், முதலில் நாம் அவரிடம் கேட்டிருக்க வேண்டும், அவர் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். முதல் மனுவோடு நான் போயிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பேன்.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்றார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு மயானத்தையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லியே குற்றம். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிலத்துக்காரர் உங்களைச் சாதி சொல்லி மறித்தாரா, இல்லை நிலத்தை உழுதாரா என்று கேட்டார். உழுதார், அவ்வளவுதான். நடந்ததுக்கு மேல் ஒரு சொல் கூட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. மறித்திருந்தால் அன்றே கொடுத்திருப்போம்.

தீர்ப்பு வந்த அன்று எனக்கு ஏமாற்றம். ‘ஆக்கிரமிப்பை அகற்று’ என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எங்கள் மனுவை, சம்பந்தப்பட்ட இரு தரப்பையும் விசாரித்து, சட்டப்படி பரிசீலித்து பன்னிரண்டு வாரத்துக்குள் உத்தரவிட வேண்டும் என்றது. பாதை பதிவேட்டில் இருக்கும்போது நிலத்துக்காரரை எதற்கு விசாரிக்க வேண்டும்? நோட்டீஸ், பதிலுக்கு அவகாசம், பிறகு அளவை. எங்கள் அப்பத்தாவுக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள் என்று வக்கீலம்மாவிடம் கோபமாகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “உங்க தெருவுல எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கு?” என்றார். பாதி வீட்டுக்கு இல்லை. “நாளைக்கு நோட்டீஸே குடுக்காம ஜேசிபி வந்து நின்னா எந்தப் பிரிவைக் காட்டுவீங்க?” அரசியலமைப்பின் 14-ஐயும் 21-ஐயும்தான் காட்டுவேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது 14; சட்டம் சொல்லும் நடைமுறை இல்லாமல் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்பது 21. அந்த இரண்டு பிரிவுகளும் ‘நபர்’ என்றுதான் சொல்கின்றன. குடிமகன் என்றுகூட இல்லை. 1950-இல் ஏ.கே.கோபாலன் வழக்கில், சட்டத்தில் ஒரு நடைமுறை எழுதியிருந்தால் போதும் என்றிருந்தது உச்ச நீதிமன்றம். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறையே நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவர் கையிலிருப்பதைப் பறிக்கக் கூடாது என்பதை அந்த வழக்குகளை வைத்து வக்கீலம்மா எனக்கு அரைமணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். நிலத்துக்காரருக்குக் கிடைத்த அந்த அவகாசம் எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்கும் காவல் என்று புரிந்தபோது கோபம் முழுதாகத் தணியவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரிந்தது.

நிலத்துக்காரரும் நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தார். பாதை தன் பட்டாவுக்குள் வருகிறது என்றார். இரு தரப்பையும் வைத்துக்கொண்டு சர்வேயர் அளந்தார். கல் ஊன்றிய இடம் அவர் வயலுக்குள் நன்றாகத் தள்ளி விழுந்தது. பிறகு 2024 மக்களவைத் தேர்தல் வேலை என்று மூன்று மாதம் தள்ளிப்போனது. அந்தப் பன்னிரண்டு வாரம் எப்போதோ கடந்திருந்தது. நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. உத்தரவு வாங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஆனி மாதம், வயல் தரிசாகக் கிடந்தபோது, ஜேசிபி வந்து கரையை வெட்டிப் பாதையை நிரவியது. அப்பா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். நிலத்துக்காரர் அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அது நடந்தது, மறைக்க விரும்பவில்லை. இப்போது பக்கத்து ஊரில் வேலைக்குப் போகிறார்; பஸ் செலவு கூடுதல்.

அந்த ஆடியில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா இறந்தார். பாடை நேராகப் போனது என்று தம்பி வந்து சொன்னான்.

பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் சிறுபாலம் இல்லை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் போகும். 2025 ஜனவரியில் எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் பொறுப்பேற்றார். ஐந்து வருடம் முடியும் முன்பே தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்வதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. பாலத்துக்கான மனுவை அடித்து, ஓடையின் அகலத்தை அளந்து எழுதி, இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று சீல் வாங்கித் திரும்பக் கொண்டுவர.